அறிவிப்பார், அறிவித்தார்: ஒரு தோட்டப் பட்டணத்து வானொலி அறையில் ஏழு நாள்

பின்னணி

2022 நவம்பர் 19 சனிக்கிழமை தொடங்கி 25 வெள்ளி வரை, மலேசியாவின் கெடா மாநிலம் பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியில் உள்ள ஒரு சின்னப் பட்டணத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். அறைச் சாவி என்னிடம் இருந்தது. அதனால் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது செம்பனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டன. இளசுகள் விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறி கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்விடுவார்கள். பகலில் ஊரில் இருப்பது வயதானவர்களும் கடைக்காரர்களும்தான்.

கோயில் மண்டபத்தை ஒட்டி ஜிங்க் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. இரண்டு அலமாரி புத்தகம், ஒரு கேரம் பலகை, பழைய தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த கரும்பலகை. ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (கணக்கெழுத்தர்) ஒருவர் தன் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து அங்கே வைத்தார். நாலு பெரிய பேட்டரி போடும் பெட்டி. ஏரியல் உடைந்து போனதால் செப்புக் கம்பியைச் சன்னல் கம்பியில் சுற்றிக் கட்டியிருந்தார். அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்மின் தமிழ் ஒலிபரப்பான மின்னல் எஃப்.எம் அதில் கேட்கும். ஆனால் கம்பியை யாராவது தொட்டால் கரகரக்கும்.

சேர்ந்து உட்கார்ந்து வானொலி கேட்பது தோட்டத்துக்குப் புதிதில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கமே தோட்டங்களில் பொது வானொலிப் பெட்டி வைத்தது. அதைச் சிறு வயதில் கேட்ட ஒரு பெரியம்மா எங்கள் அறைக்குத் தவறாமல் வருவார். பால் வெட்டி ஓய்ந்த கை. அவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசி அட்டை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் நீல அட்டை கிடைக்கவே இல்லை. ஓட்டும் இல்லை. எல்லாச் செய்தியையும் முழுதாகக் கேட்பவர் அவர்தான்.

ஏன் அந்த வாரம்

நவம்பர் 19 அன்று நாட்டின் 15வது பொதுத்தேர்தல். 18 வயதானவர்களும் வாக்களிக்கலாம், வாக்காளர் பதிவு தானாகவே நடக்கும் என்று ஆன பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் அது. எங்கள் தொகுதியில் மட்டும் அன்று வாக்களிப்பு இல்லை. நம்பிக்கைக் கூட்டணியின் வேட்பாளர் எம். கருப்பையா, 2018இல் இதே தொகுதியில் வென்றவர், நவம்பர் 16ஆம் தேதி காலமானார். தேர்தல் ஆணையம் வாக்களிப்பை டிசம்பர் 7க்குத் தள்ளி வைத்தது. கெடாவில் மாநிலத் தேர்தலும் அப்போது சேர்ந்து நடக்கவில்லை என்பதால் 19ஆம் தேதி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு வரிசைகூட நிற்கவில்லை.

இந்தக் காலி இடத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த குரல் பதிவுகள் நிரப்பின. "நம்ம ஊருக்குத் தேர்தலே ரத்து" என்றது ஒன்று. "இறந்தவர் கட்சிக்கே இடத்தைக் கொடுத்துட்டாங்க" என்றது இன்னொன்று. பேசுவது யார், எந்த ஊர், எந்த நாள் என்று எதுவும் தெரியாது. ஒரே பதிவு ஆறு கைப்பேசியில் ஒலித்தால் ஆறு பேர் சொன்னதாகவே காதுக்குப் படும்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஒரு வாரத்துக்கு அறையில் வானொலி சொன்னதை மட்டும் பேசலாம் என்று யோசனை சொன்னார். கரும்பலகையை மூன்றாகப் பிரித்தார்: வானொலி சொன்னது, நாம் நினைப்பது, கேள்வி. எழுதும் பொறுப்பு கிராணிக்கு. அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், அதுதான் காரணம். வேறு எதையும் யோசிக்கவில்லை. இது பின்னால் முக்கியமானது.

சனி, ஞாயிறு

சனி இரவு அறை நிறைந்துவிட்டது. முடிவுகள் வர வர கிராணி எழுதினார். லங்காவியில் முன்னாள் பிரதமர் மகாதீர் தோற்று வைப்புத்தொகையையும் இழந்தார் என்றபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கெடாவில் பெரிக்காத்தான் கூட்டணி அடுத்தடுத்து வென்றுகொண்டே போனது. கடைசியில் சுங்கை பட்டாணி மட்டும் நம்பிக்கைக் கூட்டணிக்கு மிஞ்சியது. நள்ளிரவு தாண்டி, பசியாறக் கடை வைத்திருக்கும் அக்கா கேட்டார்: "நம்ம ஊரு எப்ப வரும்?" மூன்று நாளாகத் தள்ளிவைப்புச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் நாடு முழுக்கப் பெயர் வாசிக்கும்போது நம் பெயரும் வரும் என்று காது காத்திருக்கிறது. செய்தி தெரிவதும் அது மனசில் உட்காருவதும் வேறு வேறு என்று நான் கவனித்தது அங்கேதான்.

ஞாயிறு காலை யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்பது தெளிவாகிவிட்டது. 222 இடத்தில் ஆட்சி அமைக்க 112 வேண்டும். நம்பிக்கைக் கூட்டணிக்கு 82, பெரிக்காத்தானுக்கு 73, தேசிய முன்னணிக்கு 30. வானிலையால் ஹெலிகாப்டர் போக முடியாமல் சரவாக்கின் பாராம் தொகுதியிலும் வாக்களிப்பு பாக்கி என்று கேட்டதும், துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி எங்களுக்கு ஒரு நிம்மதி. பாராம் 21ஆம் தேதியே வாக்களித்துவிட்டது. நாங்கள்தான் கடைசி.

அன்றைக்கே எகிப்தில் ஷார்ம் எல் ஷேக்கில் பருவநிலை மாநாடு முடிந்து, பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு இழப்பு, சேத நிதி ஒன்று ஏற்படுத்த ஒப்புக்கொண்டார்கள் என்றது செய்தி. இது யார் காதிலும் ஏறாது என்று நினைத்தேன். ஆனால் ஒரு பெரியவர் கேட்டார்: "ஜூலையில பாலிங்ல வெள்ளம் வந்து வீட்டையே அடிச்சிட்டுப் போச்சே, அதுக்கும் குடுப்பாங்களா?" பாலிங் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். நிதி வேண்டும் என்று மட்டும்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், யார் எவ்வளவு போடுவது என்று முடிவாகவில்லை என்று வாத்தியார் விளக்கினார். கேள்வி பலகையின் மூன்றாம் பத்தியில் ஏறியது.

திங்கள்: பேட்டரியும் பாட்டும்

ஞாயிறு இரவிலிருந்து கிராணி செய்தி முடிந்த கையோடு பெட்டியை மூட ஆரம்பித்திருந்தார். பேட்டரி செலவு என்றார். திங்கள் மாலை ஐந்து பெண்கள் வரவில்லை. கடைக்கார அக்காவிடம் விசாரித்தேன். "செய்தி கேட்க அஞ்சு நிமிஷம், நடந்து வர பத்து நிமிஷம். பாட்டும் இல்லன்னா எதுக்குங்க?" என்றார். நியாயம்தான். பெட்டியைத் திறந்தே வைப்பது, பேட்டரிக்கு உண்டியல் என்று முடிவு செய்தோம். கிராணிக்கு இதில் அவ்வளவாக இஷ்டமில்லை.

அந்த முடிவின் பலன் மறுநாள் மாலைக்குள்ளேயே தெரிந்தது. திங்கள் பிற்பகல் மேற்கு ஜாவாவின் சியாஞ்சூரில் நிலநடுக்கம். ரிக்டர் 5.6தான் என்றாலும் தரைக்கு வெகு அருகில் நடந்ததால் வீடுகள் இடிந்து விழுந்தன, செத்தவர்களில் நிறையப் பேர் பிள்ளைகள். எண்ணிக்கை ஒவ்வொரு செய்திக்கும் ஏறியது, வாரக் கடைசியில் 300ஐத் தாண்டிவிட்டது. செய்தி முடிந்து ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று எழுந்தார். லயத்தில் குடியிருக்கும் ஓர் இந்தோனேசியப் பெண் காலையில் தன் கடையில் ரொட்டி வாங்கும்போது சொந்த ஊர் சியாஞ்சூர் பக்கம் என்று ஒருமுறை சொன்னதாக நினைவு. கைப்பேசியில் காசு தீர்ந்து நாலு நாளாச்சு என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாளாம்.

அக்கா தன் கைப்பேசியோடு மோட்டார் சைக்கிளில் லயத்துக்குப் போனார். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, அம்மா பிழைத்திருக்கிறார், வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது என்றார். தமிழ் வானொலியில் வந்த ஒரு செய்தி மலாய் பேசும் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பாட்டு ஓடிய அந்தப் பத்து நிமிஷத்தால்தான். பெட்டியை மூடியிருந்தால் அக்கா வீட்டுக்குப் போய்ச் சமைத்திருப்பார்.

செவ்வாய்: தவறு

பிரதமராக யாருக்குப் பெரும்பான்மை என்று கட்சிகள் மாமன்னரின் அரண்மனைக்குத் தெரிவிக்க முதலில் திங்கள் பிற்பகல் 2 மணி வரை கெடு. அது செவ்வாய் 2 மணிக்கு நீட்டிக்கப்பட்டது. செவ்வாயன்று தேசிய முன்னணி இரு பக்கமும் சேரவில்லை என்றது. மாலையில் மாமன்னர் நம்பிக்கைக் கூட்டணித் தலைவர் அன்வாரையும் பெரிக்காத்தான் தலைவர் முகைதீனையும் அரண்மனைக்கு அழைத்துப் பேசினார். நாங்கள் எல்லோரும் அடுத்த செய்திக்காகக் காத்திருந்தோம்.

அன்றைக்கு மூன்று காரியம் ஒன்றாகச் சேர்ந்தது. மழை ஜிங்க் கூரையில் சல்லிக்கல் கொட்டுவது போல் பெய்தது. வழக்கமாகப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பையன்கள் எதிரே மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) போய்விட்டார்கள். கத்தார் உலகக் கிண்ணத்தில் அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும் மோதும் ஆட்டம் எங்கள் நேரப்படி ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தது. கம்பியும் ஈரம் பட்டுக் கரகரத்தது.

ஏழு மணியைத் தாண்டிய நேரம். மாமன்னர் தம் முடிவை விரைவில் அறிவிப்பார் என்ற பொருளில் செய்தி வந்தது. கிராணி காதில் விழுந்தது "அறிவித்தார்". இரண்டு எழுத்துதான் வித்தியாசம். சரியாக அந்த நேரம் பார்த்து மாமாக் கடையில் ஒரே ஆரவாரம், மேசையைத் தட்டுகிறார்கள். சவூதி இரண்டாம் பாதியில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தையே புரட்டியிருந்தது, 2-1. அறைக்குள் இருந்த எங்களுக்கு அது புதுப் பிரதமருக்கான கைதட்டல் போலத்தான் கேட்டது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிராணி எழுந்து "வானொலி சொன்னது" பத்தியில், அச்சு மாதிரி எழுத்தில், "மாமன்னர் பிரதமரை அறிவித்துவிட்டார்" என்று எழுதினார். "யாரை?" என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். பின் வரிசையில் பெரியம்மா, "அறிவிப்பாருன்னுதானே சொன்னான்" என்றார். அது என் காதில் விழுந்தது. நான் பதில் சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூடம் போகாதவர், கிராணி கணக்கெழுதிய ஆள். எங்களை அறியாமலே யார் காதை நம்புவது என்று முடிவு செய்திருந்தோம்.

ஒரு பையன் மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தான், பலகையைப் படம் பிடித்துப் புலனத்தில் போட்டான். அரை மணியில் தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசை யாரோ வெடித்தார்கள். கடைத்தெருவில் இரண்டு கட்சிக்காரர்கள் அவரவர் ஆள்தான் பிரதமர் என்று மார்தட்டிக்கொண்டார்கள், கைகலப்பு வரை போய் நின்றது. ஜொகூரிலிருந்து ஒரு மகள் போன் செய்து, "அப்பா, நம்ம வாசகசாலையிலயே எழுதியிருக்காங்களே" என்றாளாம். குரல் பதிவை நம்பாதவர்கள்கூட இந்தப் படத்தை நம்பினார்கள். பலகை மூன்று பத்தியாக, ஒழுங்காக, நல்ல கையெழுத்தில் இருந்ததே, பின்னே?

அடுத்த செய்தியில் தவறு தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

கிராணி துடைப்பானை எடுத்தார். வாத்தியார் கையைப் பிடித்துத் தடுத்தார். "துடைச்சா நாம எழுதவே இல்லன்னு ஆயிடும், ஐயா. படம் ஊர் சுத்துது." இரண்டு பேருக்கும் கொஞ்சம் சூடான பேச்சு. கிராணிக்கு அவமானம், அது புரிகிறது. கடைசியில் வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "தவறு. இன்னும் அறிவிக்கவில்லை. இரவு 8 மணிச் செய்தி" என்று அவரே எழுதினார். திருத்திய பலகையை அதே பையனை விட்டுப் படம் எடுத்து, முதல் படம் போன அதே குழுக்களுக்கு அனுப்பச் சொன்னோம். அனுப்பினான். முதல் படம் போன வேகம் இதற்கு இல்லை.

அப்புறம் கிராணி பெரியம்மாவிடம் போய், "நீங்க சொன்னது சரிங்கம்மா" என்றார். பெரியம்மா, "மழைல யாருக்குத்தான் கேக்குது" என்று அதோடு விட்டுவிட்டார்.

புதிய ஏற்பாடு இப்படி. எழுதும் முன் வரியை உரக்கச் சொல்ல வேண்டும். அறையில் ஒருவர் மறுத்தாலும் அது "கேள்வி" பத்திக்குத்தான் போகும். அடுத்த செய்தியும் அதையே சொன்னால்தான் முதல் பத்திக்கு மாறும். ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட வேண்டும். முதல் உரத்த வாசிப்பைக் கேட்டு ஆம், இல்லை சொல்வது பெரியம்மா.

வாத்தியார் இன்னும் ஒன்று கேட்டார்: படம் எடுப்பதையே தடை செய்யலாமா? வேண்டாம் என்றேன். தடை போட்டால் திருத்தத்தைத்தான் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் என் முடிவு சரியாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

புதன் முதல் வெள்ளி வரை

புதன்கிழமை பலகையில் கிட்டத்தட்ட எல்லாமே "கேள்வி" பத்தியில்தான். ஆட்களுக்கு அலுப்புத் தட்டியது. "ஒண்ணுமே சொல்லலியே" என்று இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்தால் கூட்டம் குறையும், இதற்கு நாங்கள் தயாராக இல்லை.

வியாழன் காலை மலாய் ஆட்சியாளர்களின் சிறப்புக் கூட்டம். பிற்பகலில் அன்வார் இப்ராஹிமின் பெயர் வந்தது. கிராணி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தார். "அறிவித்துவிட்டார்," என்றார் பெரியம்மா, கடைசி எழுத்தை அழுத்தி. அறை சிரித்தது. மாலை ஐந்து மணிக்கு நாட்டின் 10வது பிரதமராகப் பதவியேற்பு. திங்கள், 28ஆம் தேதி பொது விடுமுறை என்ற செய்திக்குத்தான் தொழிற்சாலைப் பிள்ளைகளிடம் அதிகக் கைதட்டல்.

வெள்ளி கெடாவில் வார விடுமுறை. கார்த்திகை மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, மண்டபத்தில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் பஜனைக்குக் கூடினார்கள். வானொலியைச் சின்னதாக வைத்து, வாரம் முழுக்க எழுதியதை ஒரு நோட்டில் நகல் எடுத்தோம். அப்போது ஒன்று தெரிந்தது. ஏழு நாளில் "டிசம்பர் 7, நமக்கு வாக்களிப்பு" என்ற வரியை ஒரு நாள்கூட நாங்கள் எழுதவில்லை. வானொலி அதைச் சொல்லாமல் இல்லை. ஆனால் புத்ராஜெயா, தோஹா, சியாஞ்சூர் என்று எழுதி எழுதி, நம் ஊர்க்காரனுக்கு மிகவும் தேவையான வரியை விட்டுவிட்டோம். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்ததால்தான் விட்டுப்போனது.

பிறகு

அன்றே பலகையின் மேல் ஓரத்தில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதினோம். வாக்களிப்புக்குச் சில நாள் முன், தேசிய முன்னணி வேட்பாளர் நம்பிக்கைக் கூட்டணிக்கு வழிவிட்டு ஒதுங்குவதாக அறிவிப்பு வந்தது. விலகுவதற்கான காலம் முடிந்துவிட்டதால் வாக்குச் சீட்டில் அவர் பெயர் இருக்கும் என்றும் சொன்னார்கள். இதைக் கேட்டு, "அப்ப போட்டியே இல்ல, நாம போக வேண்டாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை நேரடியாக "நாம் நினைப்பது" பத்தியில் எழுதி, எதிரே வானொலி சொன்னதை எழுதினோம். வாக்களிப்பு உண்டு, பெயர் சீட்டில் இருக்கும். பாட்டு ஓடும் நேரத்தில்தான் இதைப் பேசித் தீர்த்தோம். மூன்று இரவு பிடித்தது.

டிசம்பர் 6 திருக்கார்த்திகை. அறை வாசலிலும் அகல் வைத்தோம். மறுநாள் அறைக்கு வரும் வாக்காளர்களில், படுக்கையில் இருந்த ஒருவரைத் தவிர எல்லோரும் போய் வாக்களித்தார்கள். யாருக்கு என்று கேட்பதில்லை என்பது அறையின் வழக்கம். பெரிக்காத்தான் வேட்பாளர் 16,260 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒதுங்கிய வேட்பாளர் பெயருக்கும் வாக்குகள் விழுந்திருந்தன. அன்றிரவு எங்கள் ஊர்ப் பெயர் வானொலியில் வந்தது. கடைக்கார அக்கா அதைக் கேட்கவென்றே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார்.

மாற்ற வேண்டியவை

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருவரை எழுத வைத்தது முதல் பிழை. மறுபடி செய்தால் எழுதுபவர் நாள்தோறும் மாறுவார். பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி நன்றாகக் காது கேட்பவருக்கு, வயதுக்கோ பதவிக்கோ கிடையாது. மழை நாளில் பலகையே வேண்டாம். ஒருநாள் காலியாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஒரு வாரம் என்று தொடங்கியது ஒரு பழக்கமாகிவிட்டது, இப்போதும் வாரம் நாலு நாள் நடக்கிறது, உண்டியலில் பேட்டரிக்கு எப்போதும் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) அதிகமாகவே விழுகிறது.

தேதி போடுவதுதான் கடைசியாக வந்த மாற்றம். அந்த வாரம் நேரம் மட்டும் போட்டோம், தேதி போடவில்லை. 2023 ஆகஸ்டில் கெடா மாநிலத் தேர்தல் வந்தபோது, கோடு இழுக்காத அந்த முதல் படம் மறுபடியும் புலனத்தில் வந்தது. ஈப்போவிலிருந்து ஒருவர் அதை எங்கள் கிராணிக்கே அனுப்பி, "ஐயா, இது உண்மையா?" என்று கேட்டிருந்தார்.